வேலிக்கு அடிக்கல்

எங்கள் நாவற்சேனையில் அரசாங்கம் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: கரண்டை நிறுத்துவது. பாலம் கட்டுகிறோம் என்றார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக இன்னும் தோணிதான். ஆஸ்பத்திரிக்கு டொக்டர் வருகிறார் என்று கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். டொக்டர் வரவில்லை, வௌவால் வந்தது. அந்த வருசம் உரமும் வரவில்லை, டீசலும் வரவில்லை. ஆனால் பின்னேரம் கரண்ட் போகும் என்று ரேடியோவில் சொன்னால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்த கையோடு போய்விடும். இருட்டி, குப்பி விளக்கு ஏற்றி, சோறு தின்று முடித்த பிறகுதான் வரும். முந்தி வந்ததில்லை, பிந்தி வந்ததில்லை. நாட்டைக் கொண்டு நடத்தத் தெரியாதவர்களுக்கு இருட்டைக் கொண்டு நடத்த மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

நாங்களும் அந்த இருட்டை நம்பப் பழகிவிட்டோம். யானையைத் தடுக்கவும் அதையே நம்பினோம்.

காட்டோரத்து வயல்காரர் எல்லாரும் அந்த மாரியில் கம்பி கட்டியிருந்தோம். வரம்பைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டு, கம்பின் தலையில் வெறும் போத்தலைக் கவிழ்த்து, போத்தல் கழுத்தில் கம்பியைச் சுற்றி இழுப்பது. கம்பியின் நுனியில் ஒரு கொழுக்கி. ரோட்டோரத் தூண்களில் ஓடுகிற மின்சார வயரில் அதை மாட்டிவிட்டால் யானை கிட்ட வராது. பிடிபட்டால் மறியல்தான், சிறைக்குள் கிடக்க வேண்டியதுதான். முன்பெல்லாம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே காய்ந்த மூங்கிலால் மாட்டுவோம். நெஞ்சு பதறும். கரண்ட் வெட்டு வந்த பிறகு அந்தப் பதற்றமும் போனது. பின்னேரம் கரண்ட் இல்லாத நேரம் பார்த்துக் கொழுக்கியை மாட்டிவிட்டு, கம்பியைக் கையால் தடவிக்கொண்டே வரம்பால் வருவோம். சரிந்த கம்பை நிமிர்த்தி, கம்பியில் முட்டுகிற புல்லைப் பிடுங்கி வந்தால், வந்து சேருகிற இடம் வீடு. விடிய எழும்பிக் கொழுக்கியை மூங்கிலால் தட்டி எடுத்துவிடுவோம். முதலில் கம்பியைப் பார்த்துவிட்டுப் பிறகு போய்க் கொழுக்கி மாட்டினால் இரண்டு நடை. இது ஒரு நடை. இதைப் பெரிய கெட்டித்தனம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

நேசராசாவின் வயல் என் வயலுக்கு அடுத்த வரம்பு. நேசராசாவின் வயல் என்று சொல்லக் கூடாது. அது அவன் பெண்சாதி பாக்கியத்தின் சீதனம். வீடும் வளவும் வயலும் அவளுடையவை. அவன் கடற்கரைப் பக்கத்தில் இருந்து உடுத்த சாறனோடு வந்தவன். இதை அவள் அவனுக்கு நினைப்பூட்டாத நாள் குறைவு.

மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நெல் முற்றி மஞ்சளித்துத் தலை கவிழ்ந்து நின்றது. உரம் போடாத நெல், வழக்கத்தில் பாதிதான். அந்தப் பாதியையும் வெட்ட மெஷினுக்கு டீசல் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் மகள் டிலக்சியும் கத்தியை எடுத்துக்கொண்டு வயலின் மேல் பாத்திகளை, மேல் கண்டங்களை, கையால் அறுத்தார்கள். காட்டோரத்துக் கீழ்க் கண்டம் மிச்சம். அடுத்த மாரி வரைக்கும் சாப்பாடு, விதைநெல், டிலக்சியின் படிப்பு எல்லாம் அந்தக் கண்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் வயலோரத்தில் இருந்த அவர்களுடைய வாடிக் குடிசையில் குந்தியிருந்தேன். முதல் நாள் நேசராசா வனவிலங்கு அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் யானைக் கந்தோருக்கு, போய் வந்திருந்தான். பாக்கியம் பழஞ்சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, சுட்ட கருவாட்டோடு கோப்பையில் நீட்டினாள்.

"அண்ணே, இவர் நேத்து யானைக் கந்தோருக்குப் பொயித்து வந்த கதையைக் கேளுங்க. சிரிச்சிச் செத்துப் போவீங்க."

"என்னகா சிரிப்பு? போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றான் நேசராசா. "மச்சான், அரசாங்கம் போட்ட யானை வேலி செத்துக் கிடக்கு, பெற்றரியை ஆரோ கழட்டிக்கொண்டு பொயித்தான் எண்டு சொன்ன. அவன் சொல்றான், வேலி போட்டது வேற கந்தோராம், இவங்க யானைக்கு மட்டுந்தானாம்."

"மறுகா?"

"மறுகா என்ன, யானையையாவது வந்து கலைங்க மாத்தயா எண்ட. ஜீப்புக்கு டீசல் இல்லையாம். அந்தா நிக்குது பாருங்க எண்டு ஜீப்பைக் காட்டினான். ஜீப்புக்குள்ள கோழி முட்டையிட்டிரிக்கி."

"சும்மா அனுப்பினானா?"

"இல்ல மச்சான். ரெண்டு யானை வெடி தந்தான். ஒண்டு நனஞ்சது."

பாக்கியம் விழுந்து விழுந்து சிரித்தாள். "கடக்கரையான் எண்டு தெரிஞ்சி நனஞ்சதைத் தந்திரிக்கான். காய விடுங்க, கருவாட்டோட கருவாடாக் கிடக்கட்டும்."

"உனக்கு எல்லாம் பகிடி. யானை வந்து தின்னட்டும், மறுகா சிரி."

"வந்தா நான் கேப்பன். இஞ்ச பாரு ராசா, எங்கட அம்மா தந்த வயல், பாதியைத் தின்னு, பாதியை விடு எண்டு. அரசாங்கத்தோட கதைக்கிறதை விட அதோட கதைக்கிறது லேசு."

அவள் அப்படித்தான். கருத்த, எலும்பான பொம்பிளை. சாக்கை முதுகில் ஏற்றிக்கொண்டு வரம்பால் நடக்கும்போதுகூட வாய் ஓயாது. எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி இல்லை. இருந்திருந்தால் இவளைப் போல இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறேன்.

இப்படியிருக்க, எங்கள் ஊருக்கு அமைச்சர் வருகிறார் என்று செய்தி வந்தது. புதிய யானை வேலிக்கு அடிக்கல் நாட்ட. வீட்டுக்கு அடிக்கல் நாட்டுவார்கள், கோயிலுக்கு நாட்டுவார்கள். நாலு கம்பும் ஒரு கம்பியுமான வேலிக்கு அடிக்கல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் விவசாயச் சங்கத் தலைவர் சாமித்தம்பி சைக்கிளில் வீடு வீடாகப் போனார்.

"ஆம்புளைகள் எல்லாரும் வரணும். கூட்டம் காணாட்டி வேலி வேற ஊருக்குப் பொயிடும். நேசராசா, நீ முன்னுக்கு இரிக்கணும். பெற்றரிக் கதையை நீதான் சொல்லணும்."

"அடிக்கல்லைக் கண்டு யானை பயப்பிடுமா தலைவர்?" என்று பாக்கியம் அடுப்படியில் இருந்து கேட்டாள்.

"உனக்கு வாய் காணும் புள்ள. நீ யானைக்கு முன்னுக்குப் போய்க் கத்தினாலே போதும், வேலி தேவல்ல."

கூட்டம் பின்னேரம் என்றார்கள். நேசராசா பெட்டிக்குள் இருந்து வெள்ளைச் சேட்டை எடுத்துப் போட்டான். அவனைக் கூட்டிப்போக நான் வாசல் படலையடியில் நின்றேன். அவர்கள் கதைத்தது எனக்கு முழுக்கக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

"பாக்கியம், அமைச்சர் எப்ப வருவாரோ தெரியா. நான் வரப் பிந்தும். பொழுது படுறதுக்குள்ள நீ கொழுக்கியைப் போட்டுத்து கம்பியை ஒருக்காப் பாத்திரு. காட்டுப் பக்கம் ரெண்டு கம்பு சரிஞ்சி கிடக்கு."

"நானா? இஞ்சருங்க, கரண்ட் வந்தா?"

"இருட்டினாப் போலதானே வரும்."

"இடையில வந்தா?"

"எப்பகா வந்திரிக்கி? இவங்க தாறன் எண்டதையே தரமாட்டாங்க. தரமாட்டன் எண்டதைத் தருவாங்களா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். "அது சரிதான்" என்றாள். "அமைச்சர் சோடா தந்தா டிலக்சிக்கு ஒண்டு கொண்டு வாங்க."

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். தென்னோலைத் தோரணம், குத்துவிளக்கு, சிவப்புத் துணி சுற்றின ஒரு கல். முன்வரிசையில் எங்களை இருத்தினார்கள். கரண்ட் வழமை போலப் போயிருந்தது. வாடகைக்கு எடுத்த ஜெனரேற்றர் பந்தலுக்குப் பின்னால் நின்றது. அதற்கு டீசல் கிடைக்கவில்லை. மைக் செத்துக் கிடந்தது, மின்விசிறி சுற்றவில்லை, பந்தலுக்குள் வேர்த்துக் கொட்டியது. பிள்ளைகளை மாலையோடு வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு பிள்ளை மயங்கி விழுந்து, அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் தெளித்தார்கள்.

அமைச்சர் பிந்தித்தான் வந்தார். வந்து இருந்ததும் கைலேஞ்சியால் விசிறிக்கொண்டு பக்கத்தில் நின்ற கந்தோர் ஐயாவிடம் ஏதோ கேட்டார். அந்த மனிசன் முகம் கறுத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடினார்.

"மைக் இல்லாம அமைச்சர் கதைக்க மாட்டாராம்" என்று சாமித்தம்பி என் காதில் சொன்னார். "மேலிடத்துக்குக் கோல் எடுக்கிறாங்க."

"எடுத்து?" என்றான் நேசராசா.

"எடுத்து என்ன, கரண்டை விடச் சொல்லுவாங்க. நமக்கெண்டா வராது, அவருக்கு வரும்."

சாமித்தம்பி சொல்லி வாய் மூடவில்லை, மின்விசிறிகள் சுற்றத் தொடங்கின. பந்தலில் கட்டியிருந்த சின்னச் சின்னப் பல்புகள் பச்சையும் சிவப்புமாக எரிந்தன. ஒலிபெருக்கி கீச்சென்று கத்தி, "ஹலோ, ஹலோ" என்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு ஊரே கை தட்டியது. நானும் தட்டினேன்.

நேசராசா எழும்பி நின்றான்.

"மச்சான், கரண்ட்" என்றான்.

அவ்வளவுதான். நாற்காலியைத் தள்ளி விழுத்திவிட்டு ஓடினான். பொலிஸ்காரன் ஒருவன் மறித்தான். அவனையும் தள்ளினான். நான் அவன் பின்னால் ஓடிக்கொண்டே பாக்கியத்தின் போனுக்கு எடுத்துப் பார்த்தேன். சார்ச் இல்லாமல் செத்துக் கிடந்தது போல, சத்தமே இல்லை. மதிலில் சாத்தியிருந்த யாரோ ஒருவரின் சைக்கிளை எடுத்து அவனை முன்னுக்கு ஏற்றி மிதித்தேன். வழி முழுக்க அவன், "இன்னும் போட்டிரிக்க மாட்டாள் மச்சான். பொழுது இரிக்கிதானே, இன்னும் போட்டிரிக்க மாட்டாள். அவள் சோம்பேறி மச்சான், அவள் சோம்பேறி" என்று சொல்லிக்கொண்டே வந்தான். எங்கள் ஊரிலேயே சோம்பல் இல்லாத பொம்பிளையைப் பற்றி.

கொழுக்கி மாட்டியிருந்தது. ரோட்டில் இருந்தே தெரிந்தது.

சைக்கிளைப் போட்டுவிட்டு மூங்கிலை எடுத்துக் கொழுக்கியைத் தட்டி விழுத்தினேன். அதற்குள் அவன் வரம்பால் பாதித் தூரம் ஓடிவிட்டான். காட்டுப் பக்கத்து மூலையில், சரிந்த கம்புகளில் ஒன்று நிமிர்ந்து நின்றது. மற்றதை நிமிர்த்தப் போன இடத்தில் பாக்கியம் நெல்லுக்குள் சரிந்து கிடந்தாள். பிடுங்கின புல் ஒரு கையில் இருந்தது. மற்றக் கை கம்பியில். நான் போய்ச் சேரும்போது அவன் அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தான்.

"பாக்கியம், ஒழும்புகா. இஞ்ச பாருகா. பகிடி விடாத. பாக்கியம்."

காலைத் தேய்த்தோம், நெஞ்சை அமுக்கினோம், வாயில் ஊதினோம். ஒன்றும் இல்லை. உடம்பில் சூடு மட்டும் இருந்தது. அது அவளுடைய சூடோ வெயிலுடையதோ தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வயல் முழுக்கக் கேட்டது. அமைச்சர் சிங்களத்தில் ஒன்று சொல்ல, ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். இனிமேல் இந்த மக்கள் தங்கள் வயலில் பயமில்லாமல் நடமாடலாம் என்றார். கை தட்டினார்கள்.

அவளைத் தூக்கி வந்து வீட்டு நடுவில் பாயில் கிடத்தினோம். டிலக்சி போட்ட சத்தத்தில் ஊர் கூடியது. கூட்டம் முடிந்து வந்தவர்கள் பலர் கையில் சோடாப் போத்தலோடு வந்தார்கள். வாசலில் நின்றபோதுதான் அது கையில் இருப்பது தெரிந்து, வேலிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். பொலிசுக்கு ஒரு சாவு என்று மட்டும் சொன்னோம். பெற்றோல் இல்லை, விடியத்தான் வரலாம் என்றார்கள்.

சாமித்தம்பியோடு யானைக் கந்தோரில் இருந்து குணதிலகவும் வந்தான். நனைந்த வெடி கொடுத்த அதே ஆள். கெட்டவன் இல்லை. பாயில் கிடந்தவளைப் பார்த்துக் கண் கலங்கினான். பிறகு எங்களை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டான்.

"இது கள்ளக் கரண்ட் எண்டு வந்தா இவரைப் புடிக்கிறது. கோட்ல பெரிய கேஸ். யானை அடிச்சது எண்டா கேஸ் இல்ல. புள்ளைக்கு உதவியும் வாறது. நான் யானை எண்டு எழுதுறன்."

"யானை ஒண்டும் செய்யல்ல மாத்தயா" என்றான் நேசராசா. "நான்தான் அவளை அனுப்பின. நான்தான் கரண்ட் வராது எண்டு சொன்ன. என்னை எழுதுங்க."

"விசர்க் கதை கதைக்காத" என்றார் சாமித்தம்பி. "நீ மறியலுக்குப் போனா டிலக்சி ஆரோட இரிக்கிற? தாயும் இல்ல, தகப்பனும் இல்ல எண்டு தெருவில விடவா?"

"அப்ப அவள் யானை அடிச்சிச் செத்தவளா? யானையோட கதைக்கிறன் எண்டு சொன்னவள் தலைவர். யானைக்கு மேல பழியைப் போடுறதா?"

"யானை கோட்டுக்கு வரப்போகுதா? நீதானே போகணும்."

அவன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். டிலக்சி தாயின் தலைமாட்டில் இருந்து எழும்பி வந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"அப்பா," என்றாள், "யானை எண்டு சொல்லுங்க அப்பா. நீங்களும் போகாதங்க."

அவன் குணதிலகவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பெண்கள் பாக்கியத்தின் கையை மடக்கி, கருகின உள்ளங்கைக்குள் வெற்றிலை வைத்துத் துணியால் கட்டினார்கள். அன்றிரவே நாங்கள் போய் எல்லா வயல்களிலும் கம்பியைச் சுருட்டினோம். போத்தல்களைப் பொறுக்கி ஆற்றில் போட்டோம். திரும்பி வரும்போது குணதிலக வரம்பில் நின்று டோர்ச் அடித்து நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது சரிவராது" என்றான். சொல்லவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "யானை வந்த வயல் இப்பிடி நிக்கிறது இல்ல. பொலிஸ் பாத்தா நம்பாது."

எங்களுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கினதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு நெல்தாளைக்கூட நாங்கள் காரணம் இல்லாமல் மிதிக்கிறதில்லை. கதிர் முற்றின வயலுக்குள் கால் வைக்கும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறவர்கள் நாங்கள். கிழக்கு வெளுக்கும் வரை பொறுத்தோம். யாராவது வேறு வழி சொல்வார்கள் என்று நினைத்தோம். யாரும் சொல்லவில்லை.

"நீ வீட்டில இரி மச்சான். நாங்க செய்றம்" என்றேன் நேசராசாவிடம்.

"இல்ல. அவள்ற வயல். நானும் வாறன்."

பனி விழுந்து கதிர் நனைந்திருந்தது. காட்டு மூலையில் இருந்து தொடங்கினோம். முதல் காலை வைக்க எனக்கு வரவில்லை. சாமித்தம்பி கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். பிறகு எல்லாரும் வைத்தோம். யானை போகிற அகலத்துக்கு நெல்லைச் சாய்த்தோம், பிடிபிடியாகப் பிடுங்கி வீசினோம், வரம்பை உடைத்தோம், கட்டையை நிறுத்தி யானைத் தடம் போலச் சேற்றில் அழுத்தினோம். நெல் காலுக்குக் கீழே நெறுநெறுவென்று நொறுங்கியது. நான் மூக்கைச் சிந்திச் சிந்தி மிதித்தேன். அந்தப் போகம் முழுக்க யானையால் முடியாததை நாங்கள் நாலைந்து பேர் வெயில் ஏறுவதற்குள் முடித்தோம்.

நேசராசா எல்லாருக்கும் முன்னால் போனான். முழங்காலைத் தூக்கித் தூக்கி மிதித்துக்கொண்டு போனான். நடுக் கண்டத்தில் சட்டென்று நின்று குனிந்தான். சேற்றில் விழுந்து கிடந்த ஒரு கதிரை எடுத்துச் சேற்றைத் துடைத்துச் சாறன் மடிக்குள் செருகினான். அப்புறம் மிதித்தான். நாலு அடி போய் மறுபடி குனிந்து இன்னொரு கதிரை எடுத்தான். அவன் செய்வது அவனுக்கே தெரியவில்லை.

அவனைக் கைபிடித்து வரம்பில் ஏற்றினேன். மடியில் இருந்த கதிர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான்.

"மச்சான்," என்றான், "அவள் இரிந்தா இண்டைக்கு என்னைக் கொன்னு போட்டிருப்பாள்."